வெறுங்கையோடு ஒரு வகுப்பு

இழையோடு வாழ்ந்தவர்கள் – 9

பெரு நாட்டுக் கடலோரப் பாலைவனம். காலம், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். உடுத்தத் துணி கிடையாது. மண்பாண்டம்கூட இன்னும் வரவில்லை. கடலிலிருந்து காற்று விடாமல் அடிக்கிறது. நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவின் வட கரோலினா மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு கல்லூரியில், நெசவு படிக்க வந்த பிள்ளைகளை அவர்களுடைய ஆசிரியை இப்படித்தான் கொண்டுபோய் நிறுத்துவார். வந்தவர்களுக்குத் தறியில் உட்கார ஆசை, நாடாவை ஓட்டிப் பார்க்க ஆசை. அவரோ தறிப் பக்கமே விடமாட்டார். காற்றை மறைக்க என்ன வேண்டும்? ஒன்றை இன்னொன்றோடு கட்ட என்ன வேண்டும்? கட்டியதைச் சுமக்க, மூட, விரிக்க? இப்படி ஒரு தேவையிலிருந்து அடுத்ததற்கு நடத்திக்கொண்டு போவார். தறி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்ற நினைப்பையே அவர்கள் மனத்திலிருந்து முதலில் இறக்கிவைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பூஜ்யத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று பின்னாளில் ஒரு நேர்காணலில் இதை விளக்கியிருக்கிறார்.

அந்த ஆசிரியை ஆன்னி ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் நெசவுப் பட்டறையை நடத்திய குன்டா ஸ்டோல்ஸல் 1931இல் அங்கிருந்து வெளியேற நேர்ந்த கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அவர் விட்டுப்போன பொறுப்பைச் சில மாதம் தாங்கியவர் இந்த ஆன்னிதான். ஆனால் அவருடைய கதையைப் பட்டறைத் தலைமையிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. அவர் நெசவையே விரும்பாமல் நெசவுக்கு வந்தவர். அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

1899 ஜூன் 12, பெர்லின். அப்பா மரச்சாமான் உற்பத்தியாளர். அம்மா, ஜெர்மனியின் பெரிய பதிப்புத் தொழில் குடும்பமான உல்ஸ்டைன் வீட்டுப் பெண். யூத வம்சாவளி, பணத்துக்குக் குறைவில்லை. ஓவியம் கற்றுக்கொண்ட பெண் ஒருநாள் தன் அம்மாவை வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு புகழ்பெற்ற ஓவியர் கோகோஷ்காவிடம் போனாள். எதற்காக வரைகிறாய் என்கிற மாதிரி ஒரு கேள்வியைப் போட்டு அனுப்பிவிட்டார் அவர். பிறகு ஹாம்பர்க்கில் ஒரு கலைத்தொழில் பள்ளி. இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. 1922இல் வைமார் நகரத்து பௌஹவுஸுக்கு விண்ணப்பித்தாள். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது.

ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லித் திறக்கப்பட்ட பள்ளி அது. பெண்கள் கூட்டமாக வந்து சேர்ந்ததும் நிர்வாகத்துக்குக் கலக்கம். மரம், உலோகம், சுவரோவியம் என்று அத்தனை பட்டறையும் இருந்தும், பெரும்பாலான பெண்களை நெசவுப் பக்கமே திருப்பிவிட்டார்கள். ஆன்னிக்கு ஆசை கண்ணாடிப் பட்டறையில். அங்கே யோசெஃப் ஆல்பர்ஸ் என்ற இளைஞர் ஏற்கெனவே இருந்தார். இன்னொருவருக்கு இடமில்லை என்றார்கள். (1925இல் அவரையே மணந்துகொண்டார்.) நூல் அவருக்கு ரொம்ப மெத்தென்று, பலமில்லாததாகப் பட்டது. வேறு வழி இல்லாமல்தான் கையில் எடுத்தார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கால் தசைகள் மெலிந்துபோகும் நரம்பு நோய் ஒன்று பரம்பரையாக அவருக்கு வந்திருந்தது. மிதி தறியில் காலுக்கு எவ்வளவு வேலை என்று நெய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். பட்டறைகளில் எளிதானது என்று பெண்களுக்கு ஒதுக்கிய வேலை, அவருக்கு உடம்பளவில் கடினமான வேலையாக வாய்த்தது.

இன்னொரு சங்கதி. அந்தப் பட்டறையில் நெசவு சொல்லித்தர ஒழுங்கான ஆளே இல்லை. பொறுப்பில் இருந்த ஓவியர்களுக்குப் பாவு எது, ஊடை எது என்பதில் அக்கறை கிடையாது. சாயத்துக்கும் நெசவு நுணுக்கத்துக்கும் ஸ்டோல்ஸலும் அவர் தோழி பெனிட்டா ஓட்டேவும் க்ரேஃபெல்ட் நகரத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மற்றபடி எல்லாம் தாங்களாகவே கண்டுபிடித்ததுதான். இழை அறுந்தது, முடிந்தார்கள். தப்பாகக் கோத்தது புது நயமாக வந்தது, வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் இல்லாத வகுப்பில் படித்தவர் பின்னால் தான் வாத்தியாரானபோது, தெரியாமையையே பாடத்தின் முதல் படியாக வைத்தார். அவர் கற்பித்த முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பெருவின் பாலைவனம் பிறகு வந்த உவமை. முதல் பாலைவனம் வைமார் பட்டறை.

ஒருவரை மட்டும் அவர் கடவுள் போல நினைத்தார்: பால் க்ளே. நெசவுக்காரர்களுக்கு வடிவம் பற்றி வகுப்பெடுத்தவர். அந்த வகுப்புகள் தனக்கு முழுவதும் புரியவில்லை, அவர் ஓவியங்களைப் பார்த்துத்தான் அதிகம் கற்றேன் என்று ஆன்னி சொல்லியிருக்கிறார். க்ளேயின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, 1929 டிசம்பரில், பக்கத்திலிருந்த யுங்கர்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரு விமானத்தை ஏற்பாடு செய்து, தேவதை வடிவத்தில் கட்டிய பரிசுப் பொட்டலத்தை அவர் வீட்டு மேலே வானத்திலிருந்து இறக்கினார்கள் மாணவர்கள். அந்த ஏற்பாட்டில் ஆன்னியும் ஒருவர். எட்டிப் பிடிக்க முடியாத குருவுக்குக் காணிக்கையும் ஆகாயத்திலிருந்தே வரவேண்டும் என்று தோன்றியிருக்கிறது அந்தப் பிள்ளைகளுக்கு.

இனி அவருடைய இரண்டு துணிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலாவது, 1926இல் நெய்த சுவர்த் திரை. மூன்றடுக்கு நெசவு. சாதாரண நெசவில் சிவப்புப் பாவில் நீல ஊடை ஓடினால் சிவப்பும் கிடைக்காது, நீலமும் கிடைக்காது. இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று சுத்தமாகப் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று நாடா வைத்துக் கோர்வை போடுகிறார்கள். ஆன்னி வேறு வழி எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று துணிகள் ஒரே தறியில், ஒரே நேரத்தில் நெய்யப்படுகின்றன. எந்த இடத்தில் எந்த நிறம் தேவையோ அங்கே அந்த அடுக்கு மேலே வரும், மற்ற இரண்டும் கீழே போய்விடும். நிறம் கலங்காது. கோடு வெட்டினாற்போல நிற்கும். ஆண்டீஸ் மலை நெசவாளர்கள் இரண்டடுக்கில் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது துணியைப் பார்த்து யாரும் அழகு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1930இல் பட்டயத்துக்காகச் செய்தது. கட்டடக் கலைஞர் ஹான்னஸ் மேயர் பெர்லினுக்கு அருகே பெர்னாவில் கட்டிய தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கில் எதிரொலி தொல்லை. எதிரொலியை அடக்க அந்தக் காலத்தில் சுவருக்கு வெல்வெட் போடுவார்கள். வெளிர் நிறம் அழுக்காகும் என்று அடர் நிறத்தில் போடுவார்கள், அரங்கம் இருண்டுவிடும். ஆன்னி நெய்த துணியின் பின்பக்கம் புசுபுசுவென்ற ஷெனீல் நூல், ஒலியை விழுங்க. முன்பக்கம் செல்லோஃபேன், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப. ஒரே துணி இரண்டு வேலையும் பார்த்தது. ஒளியியல் கருவி செய்யும் ட்ஸைஸ் ஐகான் நிறுவனம் அதைச் சோதித்து அறிக்கையும் கொடுத்தது. சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கென்று நெய்த திரையையும், சுவராகவே நின்று உழைப்பதற்கென்று நெய்த இந்தத் துணியையும் அவர் ஒரே மரியாதையோடுதான் வைத்திருந்தார். கடைசிவரை அவரிடம் இந்த இரண்டு பக்கமும் இருந்தன.

பெர்னாத் துணிதான் தங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த கடவுச்சீட்டு என்பது அந்த வீட்டில் வழங்கிய கதை. அதைப் பார்த்து வியந்தவர் பிலிப் ஜான்சன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கட்டடக்கலைப் பிரிவைக் கவனித்துவந்தவர். 1933இல் நாஜிகளின் நெருக்குதலில் பௌஹவுஸ் மூடப்பட்டபோது, அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கும் ஒரு கல்லூரிக்கு ஆல்பர்ஸ் தம்பதியை அவர்தான் சொல்லிவிட்டார். அந்த நவம்பரில் யூரோப்பா என்ற கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார்கள்.

அந்தக் கல்லூரி பிளாக் மவுண்டன். ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்ற பேராசிரியர், தான் இருந்த கல்லூரியில் மோதி வெளியேறி, கூட வந்த சிலரோடு ஆஷ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கியது. சொந்தக் கட்டடம் கிடையாது. முதல் சில ஆண்டுகள் ஒரு கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கோடைக்கால முகாமில் வாடகைக்கு. மாணவர்கள் வயலிலும் வேலை செய்தார்கள். வைத்தியம் படிக்கப் போகிறவனுக்கும் கலை வேண்டும், கணக்குப் படிப்பவனுக்கும் கலை வேண்டும் என்று பாடத்திட்டத்தின் நடுவில் கலையை வைத்த இடம். இருபத்து நான்கு ஆண்டுகள்தான் தாக்குப்பிடித்தது, 1957இல் மூடிவிட்டார்கள். அதற்குள் அங்கிருந்து கிளம்பிய கலைஞர்களின் பட்டியலைப் போட்டால் இந்தப் பக்கம் போதாது. ஆன்னி அங்கே 1949 வரை இருந்தார்.

அவர் வகுப்பில் முதல் நாட்களில் நூலே வராது. வெளியே போய் எதையாவது பொறுக்கிக்கொண்டு வா என்பதுதான் பாடம். புல், சுள்ளி, முறுக்கிய காகிதம், மக்காச்சோள மணி. அவற்றைப் பரப்பி ஒரு மேற்பரப்பு செய்ய வேண்டும். சோள மணிகளை நெருக்கி அடுக்கி வைத்தால் தூரத்தில் முரட்டு நெசவு போலத் தெரியும். கடினமான பொருள் கண்ணுக்கு மெத்தென்று தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது? விளிம்பின் நிழலா, வரிசையா, பளபளப்பா? அதைப் பேச வேண்டும். காகிதத்தில் குண்டூசியால் குத்திக் குத்திப் புள்ளி எழுப்புவார்கள். தட்டச்சு இயந்திரத்தில் ஒரே எழுத்தையோ குறியையோ வரிசையாக அடித்து, துணியின் அமைப்பைத் தாளில் கொண்டுவருவார்கள். இந்தப் பயிற்சிகள் சில அவருடைய புத்தகத்தில் படமாக இருக்கின்றன. முதன்முதலாகப் பார்த்தபோது எது தட்டச்சு, எது துணி என்று நான் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த விளையாட்டு எதற்கு? துணிக்கு இரண்டு குணம் என்பார் ஆன்னி. இழைகள் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது ஒன்று. தொட்டால் எப்படி இருக்கிறது, பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பது மற்றொன்று. தறியில் உட்கார்ந்ததும் முதலாவது குணம் ஆளை விழுங்கிவிடும். கணக்கு, மிதி, விழுது என்று கவனம் அதிலேயே போய்விடும். அதனால் இரண்டாவதை முன்கூட்டியே, தறி இல்லாமலே, விரலுக்குப் பழக்கிவிட வேண்டும். விரலின் அறிவு மங்கிக்கொண்டு வருகிறது என்பது அவருடைய உண்மையான கவலை. மாவு அரைத்தே வருகிறது, ரொட்டி வெட்டியே வருகிறது, எல்லாப் பொருளும் பாதி வேலை முடிந்த நிலையில்தான் நம் கைக்கு வந்து சேருகிறது. கை எதைத்தான் கற்கும் என்று கேட்டார். நம் ஊர்த் துணிக்கடையில் புடவை எடுக்கப் போகும் அம்மாக்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் முந்தானை ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பார்ப்பார்களே, அந்த அறிவைத்தான் அவர் கல்லூரிப் பாடமாக்கினார்.

அதன் பிறகுதான் தறி. அதுவும் மிதி தறி அல்ல, இடுப்புத் தறி. இரண்டு கோல், கொஞ்சம் கயிறு. பாவின் ஒரு முனை மரத்திலோ கம்பத்திலோ, மறு முனை நெய்கிறவரின் இடுப்பைச் சுற்றிய பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். நெய்கிறவரின் உடம்பே தறியின் பாதி. மணிப்பூரிலும் நாகாலாந்திலும் பெண்கள் இன்றைக்கும் இப்படித்தான் நெய்கிறார்கள். விசைத்தறிவரை பின்னால் வந்த எல்லாத் தறியும் இதையே வேகப்படுத்தியதுதான், இதில் இல்லாத தத்துவம் எதுவும் அவற்றில் இல்லை என்பது ஆன்னியின் வாதம். மாணவர்கள் தாங்களே செய்த இந்தத் தறியில் இழுத்து, குனிந்து, இடுப்பு வலித்து நெய்தால்தான் அந்த வாதம் உடம்பில் ஏறும்.

ஆண்டீஸ் துணிகள் அவருக்குப் பழக்கமானது பெர்லின் இனவியல் அருங்காட்சியகத்தில். கல்லறைகளில் பிணத்தோடு வைத்துப் புதைத்த துணிகள் அவை. பாலைவன மணல் ஈரம் படாமல் காப்பாற்றித் தந்திருந்தது. 1935இல் தம்பதி முதன்முறையாக மெக்சிகோ போனார்கள். பிறகு அந்தப் பக்கம் பத்து முறைக்கு மேல் போயிருப்பார்கள். தோண்டிய இடங்களுக்குப் பக்கத்தில் சிறுவர்கள் விற்ற சுடுமண் பொம்மைகளை வாங்கிச் சேர்த்தார்கள். மோன்தே அல்பான், பழைய எழுத்து என்ற பெயர்களில் 1936இல் அவர் நெய்த துணிகள் அந்தப் பயணத்தில் பிறந்தவை. ஆண்டீஸில், எழுத்து முறை இல்லாத ஒரு பெரிய நாகரிகம் தன் சொல்லை இழையில் வைத்திருந்தது என்று அவர் நம்பினார். அதற்குப் பிறகு அவருடைய துணியில் ஊடை சில இடங்களில் பாவின் மேலே தனியாக மிதந்து, எழுத்துப் போல வளைந்து ஓடத் தொடங்கியது.

மெக்சிகோவின் பழைய நகரமான மோன்தே அல்பானில் 1932இல் தோண்டியெடுத்த கல்லறைப் புதையலை, தங்கமும் படிகமும் கிளிஞ்சலும் கலந்து கோத்த அந்த நகைகளை, அவரும் மாணவர் அலெக்ஸ் ரீடும் பார்த்தார்கள். விலை உயர்ந்ததையும் மலிந்ததையும் ஒரே மாலையில் கோத்திருந்த துணிச்சல் இருவரையும் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பியதும் இரும்புச் சாமான் கடைக்குப் போனார்கள். சமையலறைத் தொட்டியில் போடும் வடிகட்டித் தட்டு, அதைத் தொங்கவிடக் காகிதக் கிளிப்புகளைக் கோத்த சங்கிலி. திருகாணிக்கு அடியில் போடும் வாஷர்கள், நடுவே ரிப்பன். கொண்டை ஊசிகள், தக்கைகள். 1941இல் நியூயார்க்கில் ஒரு காட்சிக்கூடத்தில் அவை நகைகளாக வைக்கப்பட்டன. வகுப்பில் சோள மணியைப் பொறுக்கச் சொன்ன அதே கைதான் கடையில் வாஷரைப் பொறுக்கியது.

இங்கே எனக்கு ஒரு கேள்வி எழுந்து, சில நாள் விடாமல் தொந்தரவு செய்தது. பூஜ்யத்திலிருந்து தொடங்கு என்கிறார். அதே மூச்சில், பெருவின் பழைய நெசவாளர்களைத் தன் குருமார்கள் என்கிறார். தன் முக்கியமான புத்தகத்தையே அவர்களுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார். பல நூறு தலைமுறை அறிவைக் கண்முன் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு தொடங்கு என்று எப்படிச் சொல்வது?

ஒரு மாணவியின் நினைவாக அவர் சேர்த்த துணிகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. அவரிடம் நெசவு படித்த ஹாரியட் எங்கெல்ஹார்ட் என்ற பெண், போர் முடிந்த சமயத்தில் செஞ்சிலுவைச் சங்கப் பணியில் ஐரோப்பா போன இடத்தில், 1945இல் ஜீப் விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவுக்கென்று வந்த பணத்தில் ஆன்னி கல்லூரிக்காக ஏறத்தாழ நூறு துணிகளை வாங்கினார். பெரும்பாலானவை ஆண்டீஸிலும் மெக்சிகோவிலும் நெய்தவை. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்க அல்ல, பாடத்துக்கு. இன்று அவை யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. முதலில் பாலைவனத்தில் நின்று, எதுவும் இல்லாமல் திண்டாடி, இரண்டு கோலைக் கட்டி, இழையைப் பிரிக்க வழி தெரியாமல் விழித்த பிள்ளையின் முன்னால், அந்தத் திண்டாட்டத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன் தாண்டிய ஒருத்தியின் துணியை விரித்துப் போடுகிறார். இப்போது அந்தப் பிள்ளை அதை வேறு கண்ணோடு பார்க்கும். பூக்களை விட்டுவிட்டு முடிச்சைப் பார்க்கும். நேராக அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தால் கும்பிட்டுவிட்டு வந்திருக்கும், நகலெடுத்திருக்கும். திண்டாடிய பிறகு பார்ப்பதால் அந்த நெசவாளி அதற்குக் கூடப் படிப்பவள் ஆகிவிடுகிறாள்.

ஒரு விஷயத்தில் நம் வாசகர்கள் பலர் ஆன்னியோடு சண்டை போடுவார்கள். கைத்தறி அவருக்கு யோசிக்கும் இடம், சோதனைக்கூடம். அங்கே பிறந்த நல்ல துணி இயந்திரத்துக்குப் போய், கஜக்கணக்கில் நெய்யப்பட்டு, எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். கையால் நெய்தது என்பதாலேயே ஒன்று உயர்ந்துவிடும் என்பதை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. விசைத்தறி தெருவுக்குள் வந்த பிறகு தறிக்குழியை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போன குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. அவர் வாழ்ந்த உலகத்தில் கைத்தறி யாருக்கும் சோறாக இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நம்மிடம் அது இன்னும் சோறு. அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். ஆனால் கைத்தறியை யோசிக்கும் இடமாக மதித்தார் என்ற பாதியையாவது நாம் எடுத்துக்கொண்டிருக்கலாம். நம் நெசவாளருக்குக் கூலி பேசிய அளவுக்கு, அவருடைய யோசனைக்கு யாரும் விலை பேசியதில்லை.

1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஆன்னி ஆல்பர்ஸின் துணிகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே அதுவே முதல் முறை. சுவர்த் திரைகளோடு, அறையைத் தடுக்கும் துணிகளும் திரைச்சீலைத் துணிகளும் சம இடம் பிடித்து நின்றன. பிறகு அமெரிக்கா, கனடா என்று பல ஊர்களுக்குப் பயணம் போனது. அதே ஆண்டு தம்பதி பிளாக் மவுண்டனை விட்டு வெளியேறினார்கள். 1950இல் யோசெஃப் யேல் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறைத் தலைவரானார்.

ஆன்னிக்கு அங்கே வேலை இல்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் கற்பித்தவர், நாட்டின் முதன்மையான அருங்காட்சியகத்தில் அப்போதுதான் தனிக் கண்காட்சி கண்டவர், கணவரின் பல்கலைக்கழக ஊரில் வீட்டில் தறி போட்டு உட்கார்ந்தார். இதை எழுதும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது. அந்த ஆண்டுகளில் அவரிடம் படித்திருக்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்!

அவர் சும்மா இருக்கவில்லை. நோல் நிறுவனத்துக்குத் துணிகள் வடிவமைத்தார். டல்லஸ் நகரத்து யூத ஆலயத்துக்குத் திரை செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் கைநெசவு பற்றி ஒரு கட்டுரை கேட்டது, எழுதினார், அதிலிருந்து வளர்ந்து 1965இல் நெசவைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் வந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி அவர் நடத்திய வகுப்பு அது. எப்படி நெய்வது என்பதற்கு அதில் விடை தேடினால் ஏமாற்றம்தான். ஓர் இழை இன்னோர் இழையை ஏன் கடக்க வேண்டும் என்று தொடங்கும் புத்தகம் அது.

நியூயார்க் யூத அருங்காட்சியகம் கேட்டு 1966–67இல் நெய்த ஆறு பிரார்த்தனைகள் அவருடைய துணிகளில் எனக்கு மிக நெருக்கமானது. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களுக்கு நினைவஞ்சலி. ஏறத்தாழ ஆள் உயரத்தில், குறுகலான ஆறு துணிகள். பருத்தி, லினன், நார், வெள்ளி இழை. உருவம் கிடையாது, பெயர் கிடையாது. வெளிறிய சாம்பலும் பழுப்புமான பரப்பில் கறுப்பு இழையும் வெள்ளை இழையும் எழுத்தாகிவிடப் பார்த்து, ஆகாமல் நெளிந்துகொண்டே போகின்றன. மெக்சிகோவில் கற்ற மிதக்கும் ஊடைதான். படிக்க முடியாத அந்த எழுத்தை அவர் இவ்வளவு காலம் இதற்காகவே பழகிவைத்திருந்தாரோ என்று தோன்றும்.

அதோடு தறியில் அவருடைய பெரிய வேலைகள் ஓய்ந்தன. அதற்கு முன்பே, 1963இல், லாஸ் ஏஞ்சல்ஸில் டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறைக்கு யோசெஃபோடு துணைக்குப் போனவரை, நீங்களும் செய்து பாருங்களேன் என்று அங்கிருந்தவர்கள் அழைத்தார்கள். இழை கோடானது. சில ஆண்டுகளில் தறியையே கொடுத்துவிட்டு அச்சுப் படங்களுக்குத் திரும்பிவிட்டார். கால் ஒத்துழைக்காத உடம்புக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். அதே மனசு, அதே கை. நூலில் செய்தால் கைவினை என்கிறார்கள், காகிதத்தில் செய்தால் கலை என்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டிருக்கிறார். 1994 மே 9இல் கனெக்டிகட்டில் காலமானார்.

வகுப்பறை இல்லாத அந்த யேல் ஆண்டுகளில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். யோசெஃபின் துறையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஷீலா ஹிக்ஸ் என்ற பெண், பெரு நாட்டுப் பழந்துணிகளில் மனம் போய், ஓவியச் சட்டத்திலேயே சிறு தறி கட்டி நெய்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவனித்த யோசெஃப் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஆன்னியிடம் சேர்த்தார். முறையான பாடம் ஏதும் நடக்கவில்லை. சில சந்திப்புகள், பேச்சு. ஹிக்ஸை ஆன்னியின் மாணவி என்று சொன்னால் அது மிகை. ஆனாலும் ஓவியம் படிக்கப் போன இன்னொரு பெண் இழைக்கு வந்து சேர்ந்தார், இம்முறை யாரும் தள்ளிவிடாமல், தானாகவே.

ஹிக்ஸ் தென் அமெரிக்கா முழுக்கச் சுற்றி, பாரீஸில் குடியேறி, 1960களின் நடுவில் நம் பக்கம் வந்தார். கோழிக்கோட்டில் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நெசவாலை. ஒருகாலத்தில் பாசல் மிஷன் நடத்தியது. அங்கே மலபார்த் தறிக்காரர்களோடு உட்கார்ந்து, கனத்த பருத்தி நூலில், முண்டும் முடிச்சுமாகத் துணிகள் நெய்ய வைத்தார். அவற்றில் ஒன்று இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், ஆன்னியின் துணிகள் இருக்கும் அதே கட்டடத்தில் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் படகரா. கோழிக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் வடகரையை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

(தொடரும்)